நாலரை மணிக் கார்

பின்னேரம் நாலரை எண்டால் சரி, எங்கட ஃபிளாட்ஸுக்குக் கீழ அந்தக் கார் இருமத் தொடங்கிவிடும். கிர்ர், கிர்ர், கிர்ர். ஸ்டார்ட் மட்டும் வராது.

நான் வெளிநாட்டுக் கம்பனி ஒண்டுக்கு ராவிரவா வேலை செய்யிற ஆள். கொழும்பு வெள்ளவத்தை முழுக்க முழிச்சிருக்கிற நேரம்தான் எனக்கு நித்திரை. கடற்காத்தும் கரையோரத் தண்டவாளத்தில ஓடுற கோச்சிச் சத்தமும் என்ர கனவுக்குள்ள பழகிப்போச்சு. இந்தக் கிர்ர் மட்டும் பழகேல்லை. கனவில நான் கோச்சியில கடலுக்கு மேலால போய்க்கொண்டிருப்பன். தண்டவாளமே இருக்காது, தண்ணிதான். திடீரெண்டு கோச்சி இழுத்து இழுத்து நிண்டிடும். முழிச்சுப் பாத்தா, ரெண்டாம் மாடி இராசரத்தினம் அங்கிளின்ர கார்.

பக்கத்து சீற்றில கனகேஸ்வரி அன்ரி இருப்பா. நல்ல சீலை, மடியில பேக்கரிப் பணிஸ் பை ஒண்டு. அங்கிள் பத்து நிமிசம் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பாப்பார். பிறகு ரெண்டுபேரும் இறங்கி மேல போயிடுவினம். வெளியில போக ஆசைப்பட்டு உடுத்துக்கொண்டு வந்த மனுசி, பாவம்.

மெக்கானிக்குக்குக் காட்டுங்கோ எண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தன். பாப்பம் தம்பி எண்டதோட சரி. சரியான கஞ்சப் பிசினாரி எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

போன வியாழன் பின்னேரம் நானே இரத்மலானைக் கராஜ் ஒண்டில இருந்து ஜீவராஜைக் கூப்பிட்டன். மலையகத்து ஹட்டன் பக்கத்து ஆள், கார் வேலையில கெட்டிக்காரன். அவரைக் கண்டதும் அங்கிளின்ர முகம் கறுத்துப்போச்சு. வேண்டாம் தம்பி எண்டார். நான் விடேல்லை.

ஜீவராஜ் பொனட்டைத் திறந்து பாத்தார். பெற்றோல் இருக்கு, பற்றரி நல்லம். உள்ளுக்கு எட்டிப் பாத்து, டாஷ்போர்டில மின்னின சின்னச் சிவப்பு லைற்றைக் கொஞ்ச நேரம் கவனிச்சார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். வண்டி அடையாளம் பாக்குற சிப் அந்தச் சாவிக்குள்ள இல்ல. கடையில வெட்டின வெறும் சாவி. எஞ்சினைச் சுத்தும், ஸ்டார்ட் ஆக விடாது."

ஆரோ அங்கிளை ஏமாத்திப்போட்டாங்கள் எண்டன். ஜீவராஜ் தலையை ஆட்டினார்.

"தினம் இப்புடி இழுத்தா பேட்டரி எப்பவோ செத்திருக்கணும். இது தினமும் ஓடுற வண்டி சார். ஒரிஜினல் சாவி அவருகிட்டதான் இருக்கு."

அப்ப காலமை, நான் நித்திரையில கிடக்கிற நேரம், மனுசன் தனியக் காரில சுத்தித் திரியிறார். பின்னேரம் மனுசியை இருத்திவைச்சு நாடகம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேர போய், அன்ரிக்கும் கேக்கட்டும் எண்டு பலமாச் சொன்னன்.

"அங்கிள், மற்றத் திறப்பை எடுங்கோ."

அவர் சேட் பொக்கற்றைக் கையால பொத்தினபடி நிண்டார். எடுக்கேல்லை.

காருக்குள்ள இருந்த அன்ரி கண்ணாடியை இறக்கினா.

"ஸ்டார்ட் வந்திடுமோ தம்பி? சுரேகாவுக்கு டான்ஸ் கிளாஸ் முடிஞ்சிருக்கும். பிள்ளை பசியோட வாசல்ல நிப்பாள்."

அவையின்ர ஹோலில, மாலை போட்ட படம் ஒண்டு தொங்குது. ரெட்டைப் பின்னல், பத்து வயசு இருக்கும். மாறி வந்த கடிதம் ஒண்டு குடுக்கப் போனபோது பாத்தனான். படத்துக்குக் கீழ சுரேகா எண்டு எழுதியிருந்தது.

அங்கிள் எனக்கு மட்டும் கேக்கச் சொன்னார்.

"அவவுக்கு எல்லாம் மறந்துபோச்சு தம்பி. பிள்ளை இல்லை எண்டு நாலு தரம் சொல்லிப் பாத்தன். நாலு தரமும் இப்பதான் செத்த மாதிரி அழுதா. கார் பழுது எண்டா அழமாட்டா. மேல போய்ப் பத்து நிமிசத்தில அதையும் மறந்திடுவா. காலமை நான் போறது அந்தப் பணிஸ் வாங்கத்தான்."

கோச்சி ஒண்டு கடலோரமாப் போச்சுது. எனக்கு வெக்கமா இருந்தது. ஜீவராஜ் பொனட்டை மெல்ல மூடினார்.

நான் அன்ரியின்ர கண்ணாடிக்குக் கிட்டப் போனன்.

"இது பெரிய பழுது அன்ரி, இண்டைக்குச் சரிவராது. நீங்கள் மேல போங்கோ. சுரேகாவை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அன்ரி சிரிச்சா. மடியில இருந்த பையை எடுத்து என்ர கையில தந்தா.

இப்ப நான் நாலு இருபதுக்கே எழும்பிவிடுவன். முகத்தைக் கழுவிக்கொண்டு கீழ போய், சுரேகாவுக்கெண்டு அன்ரி தாற அந்தப் பணிஸ் பையை வாங்க நிப்பன்.