எண்பது கிலோ மண்

தராசில் எண்கள் ஓடி நின்றன.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

எழுபத்தொன்பதே முக்கால்.

மூன்று சாக்கு காய்ந்த மண். ஆறு வருடத்துக்கு முன்னால் வாடகை வீட்டு மொட்டைமாடியில், நீல டிரம்மில் கொட்டும்போது சரியாக எண்பது கிலோ. அதில் முருங்கைக் கன்று நட்டவள் அவர் மனைவி பவுனு. பழைய பேப்பர் கடை வைத்திருப்பவள். எடை போடாமல் எதையும் நம்ப மாட்டாள்.

வினையே ஓர் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தால்தான் வந்தது. எடைக்கு வந்ததைப் புரட்டிப் பார்த்தவள், மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை, காற்றிலிருந்துதான் உடம்பு சேர்க்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"காத்தைக் குடிச்சு எதுடி வளரும்? மண்ணு பாதியா குறையலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதுதான் தப்பு.

உரம் போட்டால் பந்தயம் செல்லாது என்றவரும் அவரே. ஆறு வருடமும் வெறும் தண்ணீர்தான்.

போன வாரம் சொந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். மரத்தைப் பிடுங்கி, வேரை உதறி, எடை போட்டார்கள். கிளையும் வேருமாக முப்பத்தாறு கிலோ. சாம்பாருக்குப் போன காய் தனி. கிளைகளைக் கழித்துவிட்டுக் கொல்லையில் நட்டார்கள்.

மண்ணையும் அன்றே போட்டுப் பார்த்தார்கள். தொண்ணூற்று மூன்று.

பவுனு ஒப்பவில்லை. பேப்பரை நனைத்து எடை ஏற்றிக் கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே விரட்டுகிறவள். ஈர மண்ணைக் காட்டி ஜெயிப்பாளா? தார்ப்பாயில் பரப்பி ஐந்து நாள் காயப்போட்டாள்.

அந்த ஐந்து நாளும் அவர் வெயிலைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். முப்பது வருட மீசை. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் அதுதான் தெரியும்.

எண்பதில் குறைந்திருந்தது கால் கிலோதான்.

"அப்போ இம்புட்டு மரமும் எங்கேருந்துதான்டி வந்துச்சு?"

"தண்ணியும் காத்தும்தாங்க. நாம விடுற மூச்சும் அதுல சேர்த்தி."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"மீசையை விடுங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வெளியே வந்தபோது பவுனு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் ஏனோ வெட்கம் வந்தது. இந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கொல்லைக்குப் போனார்.

முருங்கை துளிர்த்திருந்தது. நகத்தளவுகூட இல்லை, பச்சை.

சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்தார். நெஞ்சு நிறைய இழுத்து, துளிரின்மேல் மெல்ல ஊதினார். மழித்த உதட்டில் மூச்சு சூடாகத் தெரிந்தது.

இன்னொரு தடவை.

"அங்க என்ன பண்றீங்க?"

"சோறு போடறேன்."