திருப்தியான முகம்

கோவில்பட்டியில் அந்த ஓட்டலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். சாப்பிட்டவர் முகத்தில் திருப்தி தெரிந்தால்தான் கதவு வெளியே விடும். வீரபத்திரன் மேஜைக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "மன்னிக்கவும், திருப்தி போதவில்லை" என்று அது இன்னொரு தட்டு இலவச வடையை அனுப்பியது. முதல் வடையைக் கடித்த வலியே பல்லை விட்டுப் போகவில்லை. சாம்பாரோ பச்சைத்தண்ணியாக ஆறிக் கிடந்தது.

பரிமாறும் சற்குணம் குனிந்தான். "அண்ணாச்சி, மனசாரச் சிரிங்களேன். நீங்க போனாத்தான் எனக்கு ஷிப்டு முடியும். நேத்துல இருந்து ஒவ்வொருத்தரா மாட்டிக்கிடுதீங்க. இன்னிக்கு எம் மகளுக்குக் காதுகுத்து."

இதைக் கேட்டு வீரபத்திரன் முகம் இன்னும் வாடியது. கேமரா பதறிப்போய் அல்வாவும் அனுப்பியது.

"நான் ஒருத்தனா எம்புட்டுத்தான் திங்க? உக்காருடே, நீயும் ஒரு வாய் சாப்பிடு." எதிரே ஆள் நிற்க, தனியாகச் சாப்பிட்டுப் பழகாதவர் அவர்.

சற்குணம் உட்கார்ந்து, வடையைச் சாம்பாரில் முக்கி வாயில் போட்டான். நாலு வருஷமாகப் பரிமாறுகிறவன், அன்றுதான் ருசி பார்க்கிறான். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"அய்யய்யோ! இதையா அண்ணாச்சி எல்லாருக்கும் போட்டேன்?"

வீரபத்திரன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். கதவு திறந்தது.

"வாடே, ஓடிருவோம்!"

அவர் வெளியே வந்தார். பின்னாலேயே ஓடிவந்த சற்குணத்தின் மூக்குக்கு நேரே கதவு மூடிக்கொண்டது.

"மன்னிக்கவும் வாடிக்கையாளரே, திருப்தி போதவில்லை" என்றது கேமரா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவனுக்கு ஒரு தட்டு வடை வந்துகொண்டிருந்தது.