நாலாவது படி

மூன்றாவது படியில் அவர் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்தபடி நின்றார்.

"இன்னும் ஒண்ணுதான் சார். ஏறிடுங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

"வரலைம்மா."

மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்தில் இருந்த அந்த மரப் படிக்கட்டுக்கு மொத்தமே நான்கு படிகள். கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்கிவிட்டால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம். வைரஸ் காய்ச்சலில் நுரையீரல் கெட்டு, முப்பத்தெட்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்தவர் அவர். உட்கார, நிற்க, ஸ்பூன் பிடிக்க என எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டவர், பத்து நாளாக இந்த மூன்றாவது படியைத் தாண்டவில்லை.

"லிஃப்ட் மெக்கானிக்கைப் போய் படி ஏறச் சொல்றீங்களே!" என்று முதல் நாள் சிரிக்க வைத்தார். இப்போது அதுவும் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், கொடுத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

மாலையில் மகள் வந்தாள். துவைத்த சட்டைகளை அலமாரியில் வைத்துவிட்டு, அவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தும் தொண்டை சரியாகலப்பா. போன்ல பேச முடியல."

அவர் தலையாட்டினார். அடுத்த கையை நீட்டினார்.

வராந்தாவில் பிசியோ மகளை நிறுத்தினாள். "ஒரே ஒரு படிதான் பாக்கி. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிடலாம்."

மகளின் முகம் செத்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே வெச்சுக்க முடியாதா மேடம்? பதினஞ்சு நாளாவது?"

பிசியோவுக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பாவைத் தள்ளிவிடப் பார்க்கிறாளே! "ஸ்டோர்ல போட்டு வெக்கிற சாமானா அவரு?" என்று கேட்டே விட்டாள். மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்த பிசியோ, பயிற்சிக்கூடக் கண்ணாடிக் கதவருகே அப்படியே நின்றாள். உள்ளே அவர் மட்டும். கைகளைத் தொங்கவிட்டபடி நான்கு படியும் ஏறினார், திரும்பினார், இறங்கினார். மூச்சு வாங்கியது, கால் தடுமாறவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "எத்தனை நாளா சார் இந்த நாடகம்? உங்க பொண்ணு சொல்லித்தானே?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா." கீழ்ப்படியில் உட்கார்ந்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் வீட்டுக்கு வந்தா எப்படிச் சொல்றதுன்னு பாவம், பயந்து கிடக்கா. அவங்கம்மா செத்தது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா."

பிசியோ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு... எப்படி?"

"முன்னாடி இருந்த ஆஸ்பத்திரியில எதிர்க் கட்டில் அவளோடது. எல்லாரும் நான் மயக்கத்துல இருக்கேன்னு நினைச்சாங்க."

"தெரிஞ்சும் ஏன் சார் இங்கேயே கிடக்கிறீங்க?"

அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் அவ வீட்டுல இருக்காம்மா."