ஜட்காவில் வந்தவர்

மார்கழிப் பனி விலகாத காலை. பஞ்சு வராமல் நின்றுபோன மில்லின் கேட்டில், லே-ஆஃப் ஆன தொழிலாளர்கள் கம்பளி போர்த்தி வரிசையில் நிற்கிறார்கள். புதுச் சட்டப்படி தினமும் நேரில் வந்து முகம் காட்டினால்தான் பாதிச் சம்பளம். கேட் ஆபீஸ் ஜன்னல் முன் முக்காட்டோடு பிரிஜெட். "வூட்டுக்காரருக்கு நெருப்பாட்டம் காய்ச்சல் சார். நான் கையெழுத்து போட்டா ஆவாதா?" குமாஸ்தா ஸ்ரீகண்டன் நிமிரவில்லை. "ஞானமுத்துவே வரணும்மா. நான் என்ன பண்றது?" அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். "வந்துகீறாரு சார். ஜட்கால படுத்துனுகீறாரு. எழுந்து நிக்கத்தான் முடியல."

ஸ்ரீகண்டன் பேனாவை வைத்துவிட்டு வெளியே வருகிறார். ஈர வைக்கோல் நாறும் வண்டிக்குள் தலையை நுழைக்கிறார். அவரைக் கண்டதும் ஞானமுத்து பதறி எழப் பார்க்கிறான். "படுய்யா, படு" என்று தோளை அழுத்துகிறார். உள்ளங்கை சுடுகிறது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. "ஞானமுத்து வந்தாச்சு" என்கிறார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாளைக்கும் இட்டாரணுமா சார்?" என்று கேட்கிறாள் பிரிஜெட். அவர் குதிரையைப் பார்க்கிறார். வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "நாளைக்கு ஜட்கா வேணாங்க்கா. கட்டிலோட நாங்க தூக்கியாறோம்."