நுனி நாக்கு

"இதையெல்லாம் அடுக்கினது யாரு?"

கல்லூரியின் கல் மியூசியத்தைச் சோதிக்க வந்த ஆய்வாளர், ஓர் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மியூசியம் மூடாமல் தப்பும்.

"இந்த உதவியாளரம்மாதான் சார். போன மாசம் கூரை ஒழுகி எல்லாம் நனைஞ்சுபோச்சு. ஒத்தை ஆளா துடைச்சு, புது அட்டை எழுதி வெச்சாங்க," என்றார் துறைத் தலைவர்.

உதவியாளர் சட்டென்று அலமாரி அருகே வந்து நின்றாள். மேல்தட்டில் ஆர்சனிக் கல், மண்டையோட்டுப் படத்தோடு இருந்தது. ஆய்வாளரின் கை கீழ்த்தட்டுக்குப் போய், 'பாறை உப்பு' என்ற அட்டைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்தது.

"சார், அதைத் தொடாதீங்க. தூசி."

"கல்லு படிச்சவனுக்குத் தூசி என்னம்மா? உப்பை நாக்குல வெச்சுப் பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி."

"வேண்டாம் சார்."

அவள் குரல் நடுங்கியதில் துறைத் தலைவரின் முகம் வெளுத்தது. "ஏம்மா, அட்டை ஏதும் மாறிடுச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆய்வாளர் கட்டியை நுனி நாக்கால் தொட்டுவிட்டார். அவர் முகம் அப்படியே இறுகியது. துறைத் தலைவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

ஆய்வாளர் கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார். "பாறை உப்பு, சரி," என்று தாளில் டிக் அடித்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"எங்க காலேஜ்லயும் உப்பு கரைஞ்சப்போ கற்கண்டுதான் வெச்சோம். எறும்பு வந்து மானத்தை வாங்கிடுச்சு. சுத்தி எறும்பு சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுடுங்கம்மா."