காட்டு அல்லியின் வேர்

ஆய்வுக்கூடத்துக்குள் சிவநேசன் நுழைந்ததும், அவனுக்கு மூத்த ஆய்வாளரான சுபாஷினி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, கொடிமலையிலேருந்து நீ கொண்டாந்த காட்டு அல்லி வேரு அருமை லா! நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். குரோமோசோம் இருபத்திரண்டு. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே!"

"இருபத்திரண்டா? நல்லா எண்ணிப் பார்த்தீங்களாக்கா?"

"எண்ணாம? ஒவ்வொண்ணா நீளம் அளந்து, ஜோடி சேர்த்து, ரிப்போர்ட்டையும் பேராசிரியருக்கு அனுப்பிட்டேன். கண்ணே பூத்துப்போச்சு."

சிவநேசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாவம், மழையில மலை ஏறின களைப்பு. அட்டை கடிச்சிச்சா?"

"கொஞ்சம்க்கா."

"பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். நம்ம ரெண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் வாங்கித் தர்றாராம். வா, போலாம்!"

அவள் பின்னாலேயே நடந்தான் சிவநேசன். ஒரு வார்த்தை கேட்டுவிட நாக்குத் துடித்தது. கேட்டால் அவனல்லவா மாட்டிக்கொள்வான்!

மழைக்குப் பயந்து அவன் மலைப்பக்கமே போகவில்லை. பாயான் பாருவில் தன் வீட்டுச் சமையலறையில் வேர்விட்டுக் கிடந்த வெங்காயத்தைத்தான் நறுக்கிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தான்.

வெங்காயத்துக்குக் குரோமோசோம் பதினாறுதான். அக்கா மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லை!