ஆடாத அலமாரி

“அப்பா, எவ்வளவு ஆட்டினாலும் அசையவே மாட்டேங்குது!”

வெற்றிச்செல்வி அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அத்தனை சந்தோஷம்!

“வேப்பமரமாப்பா?”

“வயக்காட்டு வரப்புல நின்னுச்சே, அதுதான். அரியலூருக்குக் கொண்டுபோய் அறுத்துட்டு வந்தேன்” என்றார் அரியமுத்து.

“கல்லு உருண்டு விழாம ஒவ்வொரு தட்டுக்கும் சட்டம் அடிச்சிருக்கீங்க. அட, தரைக்கும் சிமெண்ட் போட்டாச்சா?”

“மண்தரையில வச்சா கரையான் அரிச்சுடும்ல? நான் மரம் அறுக்கப் போன அன்னைக்கே கொத்தனார் போட்டு முடிச்சுட்டான்.”

அம்மா பொன்னம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மகள் பையைத் திறந்தாள். பிரஷ், கோந்து பாட்டில், சின்னச் சுத்தியல், பூதக்கண்ணாடி எல்லாம் இழுப்பறைக்குள் போயின.

“நாளைக்குக் காலையில எங்க மேடம் வர்றாங்கப்பா. நான் சேத்து வச்சதைப் பாத்துட்டு, நல்லா இருந்தா காலேஜ் மியூசியத்துல என் பேரு எழுதியே வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. சுருள் நத்தையெல்லாம் மேல்தட்டுல. சிப்பி ரெண்டாவதுல.”

அரியமுத்து காலித் தட்டுகளைப் பார்த்தார். ஆறாங்கிளாஸ் படிக்கும்போதிலிருந்தே ஓடையிலும் சுண்ணாம்புக்கல் பள்ளத்திலும் அவள் தேடித்தேடிப் பொறுக்கியவை. இந்த ஊர் கடலாக இருந்த காலத்தில் செத்து, கல்லாகிப் போன நத்தைகள். வைக்க ஓர் அலமாரி கேட்டு எத்தனை தடவை அழுதிருப்பாள்! இவர் என்ன சொன்னார்? “பொட்டப்புள்ள கல்லு பொறுக்கிக்கிட்டுத் திரியறது போதாதா? கல்லுன்னா கல்லுதான். அதுக்கு அலமாரி ஒரு கேடா?” அன்றிலிருந்து எல்லாம் சாக்கு மூட்டைக்குள் போய்விட்டது. பாவி, அந்த நாக்கை அன்றைக்கே கடித்திருக்கக் கூடாதா?

“அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா.”

“அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன். அதான் இவ்வளவு அழகா செஞ்சு குடுத்துட்டீங்களே!”

“மொதல்ல சாப்புடும்மா.”

“மூட்டையைப் பிரிச்சிட்டு வரேன்” என்று கொல்லைக்கு ஓடினாள்.

மகள் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

“முருங்கை மரத்தடியில மூட்டையைக் காணோமேப்பா. மழைக்குப் பயந்து எடுத்து வச்சுட்டீங்களா?”

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். “நீ அதும்மேலதாம்மா நிக்கிற.”

வெற்றிச்செல்வி குனிந்து தரையைப் பார்த்தாள்.

“கொல்லையில கெடக்குற கல்லைப் போட்டுத் தரையை நெரவிடுன்னு கொத்தனார்கிட்ட சொல்லிட்டுப் போனேன். ஒடைஞ்ச செங்கல்லைத்தாம்மா சொன்னேன். வந்து பாத்தா, மூட்டையில இருந்ததையும் ஒண்ணுவிடாம ஒடைச்சு, உள்ள போட்டு இடிச்சு, மேல பூசியும் முடிச்சுட்டான். சட்டையைப் புடிச்சு உலுக்கினேன். அவன் என்னைப் பாத்துக் கேக்குறான்ம்மா, ‘கல்லுன்னா கல்லுதானேண்ணே?’ன்னு.”